தூக்கிக் குடித்த சிவப்பு ஒயின்

கடல் தாண்டிய பாவத்துக்குப் பிராயச்சித்தம் உண்டு என்று எங்கள் வீட்டுப் புரோகிதர் கரமனை வாத்தியார் சொல்லிவிட்டார். என் மனைவிக்கு அது போதவில்லை. கப்பலேறுவதற்கு முந்தின வாரம் என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

“போறேள், போயிட்டு வாங்கோ. ஆனா அந்த ஊர்க் கள்ளு ஒரு சொட்டு தொண்டைக்குள்ள எறங்கப்படாது.”

சத்தியம் செய்தேன். பச்சைத் தண்ணீரையே வடிகட்டிக் குடிக்கிறவன் நான், இதில் என்ன கஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

திருவனந்தபுரத்தில் சர்க்கார் விருந்தினர் மாளிகைக்குச் சாமான் வாங்கும் அதிகாரிக்கு நான் குமாஸ்தா. அவர் மலையாளி, நல்ல மனிதர். வெள்ளைக்கார விருந்தாளிகளுக்கு வேண்டிய சிவப்பு ஒயினை ஏஜெண்டுகளிடம் கொள்ளை விலைக்கு வாங்குவானேன், பிரான்சிலேயே தோட்டம் தோட்டமாகப் பார்த்து மலிவாகப் பிடிக்கலாமே என்பது அவர் யோசனை. அதற்குத்தான் ஒயினுக்குப் பேர்போன பொர்தோ பக்கம் போனோம்.

போன முதல் நாளே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாப்பாட்டுக் கடையில் கேட்காமலே ஒரு கூஜா ஒயின் வந்தது. அதற்குத் தனியாகக் காசு இல்லை. நான் கேட்ட பாலுக்குக் காசு. பாட்டிலில் அடைத்த தண்ணீருக்கும் காசு! பக்கத்து மேஜையில் ஐந்து வயதுக் குழந்தை ஒயினில் தண்ணீர் கலந்து குடித்துக்கொண்டிருந்தது. பெற்றவள் அதன் வாயைத் துடைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் அதிகாரிக்கு ஜலதோஷம் பிடித்து நாக்கு மரத்துவிட்டது. அன்று பார்த்த தோட்டம்தான் இருந்ததிலேயே மலிவு. தோட்டக்காரர் நிலவறையில் ஒரு பீப்பாயிலிருந்து கிளாஸில் பிடித்து, ஒரு வாய் உறிஞ்சி, கொப்பளித்து, எங்கள் முன்னாலேயே மணல் தரையில் துப்பினார். நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். அதே கிளாஸை என்னிடம் நீட்டினார்.

“சாமியுடெ நாக்கு எனக்குத் தெரியும்,” என்றார் அதிகாரி. “சாம்பார்ல உப்பு ஒரு கல்லு கூடினாலும் சொல்லும். சும்மா வாயில வச்சு துப்பியா மதி, அது போதும். குடிக்கண்டா.”

துப்பினால் தொண்டைக்குள் இறங்காதே என்று மனசுக்குள் வக்கீல் போல வாதாடினேன். ஆனால் பிறத்தியார் எச்சில் பட்ட கிளாஸில் எப்படி வாய் வைப்பது? பிறந்ததிலிருந்து தண்ணீரைத் தூக்கிக் குடித்தே பழகிய கை. அண்ணாந்து, கிளாஸை உயர்த்தி, உதட்டில் படாமல் ஊற்றினேன்.

அண்ணாந்த வாயில் விழுந்தது அங்கே நிற்குமா? பழக்க தோஷம், மடக் மடக்கென்று மூன்று வாய் இறங்கிவிட்டது. தோட்டக்காரர் கைதட்டினார். ஐயோ, அவள் தலையில் அடித்த சத்தியம்!

“எங்ஙனெ உண்டு சாமி?” என்று ருசியைக் கேட்டார் அதிகாரி.

“வாங்கலாம் சார்,” என்றேன்.

ஊர் திரும்பி, கரமனையாற்றில் முழுகி, பஞ்சகவ்யம் குடித்து, பிராயச்சித்தம் முடிந்தது. அன்று இலை முன் உட்கார்ந்ததும் பொறுக்கமாட்டாமல் நடந்ததையெல்லாம் மனைவியிடம் கொட்டிவிட்டேன். அழுவாள் என்று பயந்திருந்தேன்.

“தெரியாமத்தானே எறங்கித்து, விடுங்கோ,” என்று ரசம் ஊற்றினாள். எனக்குப் போன உயிர் வந்தது. அப்புறம் கரண்டியோடு நின்று கேட்டாள்:

“எப்படி இருந்துது?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “நன்னாத்தான் இருந்துது.”

அவள் முகம் வெளுத்துவிட்டது.

“எறங்கினதுக்குப் பிராயச்சித்தம் பண்ணியாச்சு,” என்றாள். “நன்னா இருந்ததுக்கு என்ன பண்ணப் போறேள்?”