மீன்குளத்து மின்பெட்டிக்குப் போட்ட சாமந்தி மாலை

எங்கள் பெஹாலா குடியிருப்பில் மாடியில் சூரியத் தகடு போட்டு, பேட்டரியும் வைக்கலாமா என்று ஒரு பேச்சு எழுந்தது. நான் பௌதிகம் படித்தவள் என்பதால் என்னிடம் கருத்துக் கேட்டார்கள். தூசி படிந்து சும்மா கிடக்கும் தகடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓடுகிற ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றேன். அதற்காகவே செப்டம்பர் 17 அன்று, கருவிகளையும் வண்டிகளையும் வணங்கும் விஸ்வகர்மா பூஜை விடுமுறையில், நகரின் கிழக்கு ஓரத்து மீன்குளங்களுக்குப் போனேன்.

காலை 8.40க்கு வாடகைக் காரில் கிளம்பினேன். வழியில் டாலிகஞ்சில் மளிகைக்கடை வைத்திருக்கும் செல்வி ஏறிக்கொண்டாள். திருநெல்வேலிக்காரி, அவளுக்கு மீன் வாங்க வேண்டும். பைபாஸ் சாலை வரை 17 கிலோமீட்டர், 55 நிமிடம், 410 ரூபாய். பிறகு பஸ், ஆளுக்கு 15 ரூபாய். கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு டோட்டோ, அதாவது பேட்டரி ரிக்‌ஷாதான் வழி. நிறுத்தத்தில் ஏழு டோட்டோக்கள் மாலையும் பொட்டுமாக நின்றன. ஓட்டுநர் ஒருவர் பூந்தி தின்றுகொண்டிருந்தார்.

"இன்னைக்கு வண்டி ஓடாது தீதி. வருஷத்துல ஒரு நாள் அதுக்கும் லீவு" என்றார் வங்க மொழியில். தீதி என்றால் அக்கா.

"தேதி பாத்து வர மாட்டீயளாக்கா? எம்மெஸ்ஸி வேற" என்றாள் செல்வி. நடந்தோம். 25 நிமிடம்.

இருபத்திரண்டு வீடுகள், ஒரு பெரிய குளம், அதில் இரண்டு ஏரேட்டர்கள். தண்ணீரைத் துடுப்புப்போல அடித்துக் காற்றைக் கலக்கும் சக்கரங்கள் அவை. எல்லாம் சூரியத் தகடும் பேட்டரியும் ஊர் மின்சாரமும் சேர்ந்த ஒரே சின்ன மின்வலையில் ஓடுகின்றன. கவனித்துக்கொள்பவள் ஷம்பா, முப்பது வயதிருக்கும், மூன்று மாதப் பயிற்சி எடுத்தவள். குளத்துக்குப் பொறுப்பு அவளுடைய மைத்துனர் மிருணாள்தா. போன மாதம்தான் ஷம்பாவின் பேச்சைக் கேட்டு, அதுவரை ஏரேட்டர்களை ஓட்டிய டீசல் இன்ஜினைத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார்கள்.

"துர்கா பூஜைக்கு விக்க வேண்டிய மீன் முழுக்க இதுல இருக்கு. செத்து மிதந்தா தார்ப்பாயை எடுத்து இவ பெட்டிக்குப் போர்த்திடுவேன்" என்றார் மிருணாள்தா.

"போர்த்துங்க. டீசலும் நீங்களே சுமந்துட்டு வாங்க" என்றாள் ஷம்பா.

பெட்டி என்பது இன்வெர்ட்டரும் கட்டுப்பாட்டுக் கருவியும் சேர்ந்த ஆளுயர இரும்பு அலமாரி. ஷம்பா விடியற்காலையிலேயே அதற்குக் குங்குமம் வைத்து, சாமந்தி மாலைகள் நான்கைச் சாத்தியிருந்தாள். ஒரு படம் எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு மீட்டர் பெட்டிக்குச் சந்தனம் வைப்போம். அதனால் எனக்கு எதுவும் விசித்திரமாகப் படவில்லை.

11.50க்கு ஊர் மின்சாரம் போனது. நான் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் சிமிட்டக்கூட இல்லை. மேகம் மூடியபோது தகடுகளின் வரத்து ஒரு நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. குறைந்ததைப் பேட்டரி அந்த நொடியே ஈடுகட்டியது. எதிர்பார்த்ததைவிட ஒழுங்காக வேலை செய்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

12.20க்குப் பூஜைப் பந்தலின் ஒலிபெருக்கி நின்றது. அடுத்து, பூஜைக்குக் கிச்சுடி என்னும் பருப்புச் சாதம் வெந்துகொண்டிருந்த மின் அடுப்புகள். மின்சாரம் போதாவிட்டால் முக்கியமில்லாததை முதலில் நிறுத்துவதுதான் கட்டுப்பாட்டுக் கருவியின் வேலை. ஏரேட்டர் பட்டியலில் கடைசி. ஆனால் 12.31க்கு அவற்றிலும் ஒன்று நின்றது. புழுக்கமான, வெயிலில்லாத நாள். சிறிது நேரத்தில் தண்ணீரில் காற்றுப் போதாமல் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"பேட்டரி தீர்ந்துடுச்சு. மேகத்தை நம்பிக் குளம் வச்சா இப்படித்தான்" என்று மிருணாள்தா தார்ப்பாயை நோக்கி நடந்தார்.

ஷம்பா திரையைப் பார்த்தாள். பேட்டரியில் 64 சதவீதம் இருந்தது. நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று மற்ற எண்களைப் படித்தேன். இன்வெர்ட்டரின் வெப்பநிலை 78 டிகிரி. சூடாகும்போது அது தன்னைக் காத்துக்கொள்ளத் தரும் மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும். எதனால் சூடு என்று கீழே பார்த்தேன். காற்று உள்ளே போகும் வலைக்கண் முழுவதையும் ஈரச் சாமந்தி அடைத்திருந்தது.

"மாலையை எடுக்கணும்" என்றேன்.

ஷம்பா தயங்கினாள். "பூஜை முடியலையே தீதி. சாத்தின மாலையை நடுவுல எடுக்கலாமா?"

செல்விக்கு வங்க மொழி அரைகுறை. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. "சாமி அங்கன பந்தல்ல இருக்காரு. இவரு வேலைக்காரரு. மூச்சு விடட்டும்" என்றாள். அதை நான் மொழிபெயர்த்தேன். ஷம்பா சிரிக்கவில்லை, நான்கு மாலைகளையும் கழற்றிக் கொண்டுபோய்ப் பந்தலில் இருந்த விஸ்வகர்மாவின் கழுத்தில் போட்டாள்.

வெப்பநிலை 78, 75, 70 என்று இறங்கியது. 12.52க்கு, நின்றுபோன ஏரேட்டர் தானாகச் சுழன்றது. கயிற்றைப் பிடித்து டீசல் இன்ஜினைக் கிளப்பப் போன மிருணாள்தா கயிற்றை விட்டார். மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே போகும்வரை கரையில் குந்தியிருந்தார். பிறகு எழுந்துபோய்த் தார்ப்பாயைப் பழையபடி இன்ஜின் மேலேயே இழுத்துவிட்டார். ஷம்பா குங்குமத்தை எடுத்து, இனி மாலை இதற்குக் கீழே வரக் கூடாது என்று வலைக்கண்ணுக்கு ஒரு சாண் மேலே குறுக்காக ஒரு கோடு இழுத்தாள்.

போக விரும்புகிறவர்களுக்கு: விஸ்வகர்மா பூஜை தவிர எந்த நாளும் போகலாம், டோட்டோ கிடைக்கும். பத்து மணிக்கு முன் போனால் வெயில் குறைவு. மீன் வாங்கப் பை கொண்டுபோங்கள். செல்வி இரண்டு கிலோ ரோகு வாங்கினாள். எங்கள் குடியிருப்புக்குப் பேட்டரி வைக்கலாம் என்றே சொல்லியிருக்கிறேன், காற்றோட்டமான அறை இருந்தால்.

நான் எடுத்த படம் கைபேசியில் இருக்கிறது. நேரம் 11.04. மாலை வலைக்கண்ணை மூடியிருப்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. உள்ளே விசிறி திணறும் சத்தமும் அப்போது எனக்குக் கேட்டது. விருந்தாளியாக வந்தவளுக்கு இது எதற்கு என்று பேசாமல் இருந்துவிட்டேன்.