அண்ணன் மூடவிடாத கடை

அண்ணனின் இந்த நினைவு மலரை வாங்கிப் புரட்டுகிற உங்களில் பாதிப் பேர், சங்கரன்கோவில் தியேட்டர் வாசலில் அண்ணன் வறுத்துக் கொடுத்த கடலையைத் தின்றவர்கள். மீதிப் பேர் வளைகுடாவில் அண்ணனோடு ஒரே ரூமில் படுத்து எழுந்தவர்கள். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. இரு தரப்புக்கும் சேர்த்து எழுத வேண்டியிருப்பதால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்தில், நான்கு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா சீக்கிரம் போய்விட்டார். தள்ளுவண்டியில் இரும்புச் சட்டி வைத்து, மணலில் கடலை வறுத்துத்தான் இரண்டு தங்கைகளையும் கட்டிக் கொடுத்தார். பிறகு சவுதியில் ஜுபைல் போய், தொழிலாளர் கேம்ப் மெஸ்ஸில் ஆறு வருடம் சோறு வடித்தார். "சோத்தைப் பாத்தா பசிக்கணும்ல, எனக்குக் கை வலிக்கு" என்பார். அங்கிருந்து துபாய் வந்து, க்ரீக் என்கிற கடற்கழி ஓரத்தில் சுவிட்சர்லாந்துக்காரக் குடும்பம் ஒன்று நடத்தும் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவச் சேர்ந்தார். கடைசிவரை அதே கடைதான். அந்தக் கடைக்கு வேன் ஓட்டத் தம்பி என்னையும் கூப்பிட்டுக்கொண்டார்.

கடை என்றால் கண்ணாடிக் கட்டடம் இல்லை. அந்தக் காலத்து முத்து வியாபாரி ஒருவரின் வீடு. பவளக்கல் சுவர், பேரீச்ச மரத்தைப் பிளந்து போட்ட கூரை, மேலே வீட்டுக்குள் காற்றை இறக்கும் காற்றுக் கோபுரம். சார் கணக்கு, மேடம் சமையல், அவர்கள் மகள் பரிமாறுவது. எங்களைப் போல ஏழு பேர் வேலைக்கு.

அங்கே பெரிய சாப்பாடு ஃபாண்டூ. தடித்த மண்சட்டியில் சீஸை உருக்கி மேசை நடுவில் வைப்பார்கள். அடியில் சின்னதாக ஒரு ஸ்பிரிட் அடுப்பு எரியும். குடும்பமே சுற்றி உட்கார்ந்து, நீளக் கம்பியில் ரொட்டித் துண்டைக் குத்தி அதில் முக்கித் தின்னும். ரொட்டியைச் சட்டிக்குள் தவறவிட்டவர் எழுந்து ஒரு பாட்டுப் பாட வேண்டும். முதல் வாரம் அந்த வாடை தாங்காமல் அண்ணன் மூக்கில் தைலம் தடவிக்கொண்டு வேலை பார்த்தார். ஆனால் சாப்பிடுகிறவர்களைப் பார்க்க அவருக்குப் பிடிக்கும். "ஒரே சட்டியில எல்லாரும் முக்குதானுவ. பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரனை இங்க கூட்டிட்டு வந்தா சரியாப் போகும்ல" என்பார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த உத்தரவு வந்தது. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அலுவலகத்தார், மரக்கூரைக்குக் கீழே மேசைகளில் நெருப்பு எரியக் கூடாது என்றார்கள். பின்கட்டுச் சமையலறையில் மட்டும் அடுப்பு இருக்கலாம். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். கரண்டு அடுப்பு வைக்கலாம் என்றால் மேசைக்கு மேசை வயர் இழுக்க வேண்டும். அந்தச் சுவரில் ஆணி அடிக்கவே அனுமதி கிடையாது. சமையலறையில் உருக்கிக் கொண்டுவந்தால் பத்து நிமிடத்தில் சீஸ் இறுகிவிடும். சார் எங்களைக் கூப்பிட்டு, மாதக் கடைசியில் கடையை மூடுகிறோம், எல்லோரும் வேறு விசா பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. மகன்கள் இருவரும் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வயதில் புதிதாக யார் எடுப்பார்கள்?

மறுநாள் காலையில் அண்ணன் என் வேனில் ஏறிக்கொண்டு, "கட்டட சைட்ல கொட்டிக் கெடக்குற கழுவுன மணல் ரெண்டு சாக்கு வேணும்ல" என்றார்.

"எதுக்குண்ணே? கடையவே மூடப் போறாங்க."

"பாலைவனத்து மணலு மாவு மாதிரி. சூடு நிக்காது. நீ வண்டிய எடு."

மணலை அலசிக் காயவைத்து, கைப்பிடி உப்புப் போட்டு, இரும்புத் தட்டில் வறுத்தார். மகளோடு சேர்ந்து பரிமாறும் மலையாளி ஷாஜி எட்டிப் பார்த்துவிட்டு, "எந்தா சேட்டா, கடலைக் கச்சவடம் தொடங்கியோ?" என்று கடலை வியாபாரத்தைச் சொல்லிச் சிரித்தான். "ஒனக்குத்தான்ல மொத பொட்டலம்" என்றார் அண்ணன். முதல் தடவை சூடு அதிகமாகி, சீஸ் திரிந்து எண்ணெய் மேலே நின்றது. ஷாஜி சிரிக்கவில்லை. அவனுக்கும் அதே மாதக் கடைசிதான். இரண்டாவது தடவை, கடலைக்கு வேண்டிய சூட்டில் பாதியிலேயே மணலை இறக்கினார். அதில் சீஸ் சட்டியைப் புதைத்து, தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைத்தார். "மேடம், நோ ஃபயர். சாண்ட்."

மேடம் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். சார், மகள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். எங்களையும் உட்காரச் சொன்னார்கள். ரொட்டி போவதும் வருவதுமாக இருந்தது. அரைமணி நேரம் தாண்டியும் சீஸ் இளகியே இருந்தது. அந்தப் பரபரப்பில் ரொட்டியைத் தவறவிட்டது சார்தான். எழுந்து நின்று ஏதோ ஒரு பாட்டைப் பாதி பாடினார், மீதியை விட்டுவிட்டு உட்கார்ந்து அடுத்த ரொட்டியைக் குத்தினார்.

சட்டி காலியானதும் அடியில் பொன்னிறமாக ஒரு காந்தல் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டிப் பங்கு வைப்பது அவர்கள் வழக்கம். மேடம் முதல் துண்டை அண்ணனுக்குக் கொடுத்தார். அத்தனை வருடத்தில் அண்ணன் அங்கே சீஸை வாயில் வைத்தது அன்றுதான்.

"எப்படிண்ணே இருக்கு?"

"ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா மாதிரி இருக்குல. செருப்புக்குள்ள வச்ச பால்கோவா."

ஷாஜி இதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டான். மேடம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அலுவலகத்தார் வந்து தட்டைத் தொட்டுப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். கடை தப்பியது. சாப்பாட்டு அட்டையில் அண்ணன் பெயரைப் போடலாம் என்று மேடம் கேட்டபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பதில், வேலைக்காரர்களின் குடும்பம் விசிட் விசாவில் வந்தால் ஒரு வேளை அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று கேட்டார். அண்ணியும் பிள்ளைகளும் வந்து சாப்பிட்டார்கள். அண்ணி பாடவும் செய்தார்.

சென்ற வருடம் ஒரு காலை, மணல் வறுத்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். "தட்டை எறக்கிட்டீயளால?" என்று முதல் நாள் கேட்டார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

அண்ணனை ஊருக்கு அனுப்பும் காகித வேலைக்காக மூன்று ஆபீஸ் ஏறி இறங்கிய ஷாஜிக்கும், ரூம் நண்பர்களுக்கும், பெட்டியோடு ஊர்வரை வந்த மேடத்தின் மகளுக்கும், சங்கரன்கோவிலில் காரியங்களைத் தாங்கிய பங்காளிகளுக்கும் எங்கள் நன்றி.

இன்னும் சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அண்ணன் இறந்த அன்று, மறுநாள் கடைக்கு விடுமுறை விடலாமா என்று மேடம் எங்களிடம் கேட்டார். இந்தக் கடையை மூடக் கூடாது என்றுதான் அந்த மனிதர் பாடுபட்டார், திறங்கள் என்றோம். மணலை நான் வறுத்தேன். அன்று மதியம், எதுவும் தெரியாமல் உள்ளே வந்து, உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போன பதினொரு மேசைக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.