விளக்கின்றி வந்த வண்டி

அடையாற்றுப் பாலத்தருகே விளக்கின்றி வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று கட்டை வண்டியில் மோதியது, ஓட்டி வந்த ஆசிரியர் அங்கேயே இறந்தார் என்று எங்கள் பத்திரிகையில் நான்கு வரிச் செய்தி வந்தது. இறந்தவர் என் அக்காவின் கணவர். எழுதியவர் என் பக்கத்து மேஜைக்காரர். உறவு அவருக்குத் தெரியாது. செய்தியில் தப்பு ஒன்றும் இல்லை.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. அத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பரங்கிமலை மாதா கோவிலுக்குப் போய்விட்டு அந்தி வேளையில் அபிராமபுரம் வீட்டுக்குத் திரும்புவார். அந்தக் கோடையில் அவர்களுடைய ஒரே பெண் குழந்தை டைபாய்டில் போனபின் ஏற்பட்ட வழக்கம்.

சவுக்குக் கட்டை ஏற்றி வந்த வண்டிக்காரரை நான் போலீஸ் ஸ்டேஷனில் பார்த்தேன். அழுதுகொண்டே பேசினார்.

"எதிர்ல வெளிச்சம் வந்துக்கினு இருந்திச்சு சார். நானும் மாட்டை ஓரமா இழுத்தேன். திடீர்னு வெளிச்சம் இல்ல, யாரோ ஊதி அணைச்ச மாதிரி. சத்தம் மட்டும் நிக்காம வருது சார்."

அந்தக் கடைசி வார்த்தைதான் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. விளக்கு அணைந்தது, எஞ்சின் ஓடியது. அப்படியானால் அத்தானே விளக்கை அணைத்திருக்கவேண்டும். குழந்தை போன துக்கத்தில் மனுஷன் கணக்கை முடித்துக்கொண்டார். இப்படி யாரும் எங்கள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஆனால் பூசை முடிந்து வெளியே வந்தால் அக்காவுக்கு மட்டும் வழி அகலமாகக் கிடைத்தது.

தற்கொலை என்றால் கோவில் அடக்கம் கிடையாது; பங்குச் சாமியார் எதுவும் கேட்காமல் செய்துவைத்தார். அக்காதான் கேட்டுக்கொண்டே இருந்தாள். கல்லறைக்குப் போவாள், பூ வைப்பாள், மெழுகுத்திரியைப் பையிலேயே வைத்துத் திரும்பக் கொண்டுவந்துவிடுவாள்.

"தானா உயிரை விட்டவருக்குத் திரி ஏத்தலாமாடா?" என்றாள் ஒரு நாள். "நீ பேப்பர்காரன்தானே? ஊர்ல நடக்கிறதெல்லாம் போய் விசாரிக்கிறே. இதை விசாரிச்சுச் சொல்லு. கல்லறைத் திருநாளுக்குள்ள எனக்குத் தெரியணும்."

அத்தானின் மோட்டார் சைக்கிள் வீட்டுக் கொட்டகையில் கிடந்தது. முன்பக்கம் வளைந்து, விளக்கின் கண்ணாடி உடைந்திருந்தது. கோபாலபுரத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தேன். பெரிய வாய்க்காரர். வளைந்ததை நிமிர்த்தி, வேறு கண்ணாடி போட்டு, சுவிட்சைத் திருப்பினார். விளக்கு எரிந்தது. வண்டியைக் குலுக்கினார். ஹாண்டிலை இரண்டு பக்கமும் முட்டத் திருப்பினார். விளக்கு அசையவில்லை.

"இன்னா சார், நல்லா கீற வண்டியக் காட்டி வைத்தியம் பாருன்றீங்க? பாட்டரி, பல்பு, வயரு, எல்லாம் சுத்தம்."

"எஞ்சின் ஓடும்போதே விளக்கு மட்டும் எப்படி அணையும்?"

"அது வேற குடும்பம், இது வேற குடும்பம் சார். எஞ்சினுக்கு மேக்னெட்டோ கீது, அதுவே பொறி குடுத்துக்கும். லைட்டுக்கு பாட்டரி. ஒண்ணு செத்தா இன்னொண்ணு கண்டுக்காது." சுவிட்சைத் திருகிக் காட்டினார். "இதுவும் இரும்பு மாதிரி கீது. கை வெச்சுத் திருப்பினாத்தான் அணையும்."

அக்கா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வண்டியில் குற்றம் இல்லை என்பது அவளுக்குத் தீர்ப்பு. உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இருந்த பெட்ரோல் கூப்பனை வைத்து நானே அந்த வண்டியை எடுத்தேன். கொட்டகையில் நிற்கும் வண்டி வேறு, ஓடி வந்த வண்டி வேறு என்று தோன்றியது. அத்தான் போன வழியிலேயே பரங்கிமலைக்குப் போனேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, அவர் கிளம்பும் நேரத்தில் கிளம்பினேன். கிண்டியைத் தாண்டும்போது விளக்கைப் போட்டேன். இரண்டு முழங்காலுக்கும் நடுவே எஞ்சின் அனல் அடித்தது.

அடையாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் விளக்கு போயிற்று.

மங்கவில்லை, சிமிட்டவில்லை. சாலை இருந்தது, பிறகு இல்லை. எஞ்சின் மட்டும் அதே சத்தத்தோடு என்னை முன்னே கொண்டுபோனது. ஆற்றுச் சேற்று வாடை வந்தது. என் இரண்டு கைகளும் ஹாண்டிலில் இருந்தன. பிரேக்கை மிதித்து நிறுத்தி, எஞ்சினை அணைத்தேன். எதிரில் வண்டி எதுவும் இல்லை. அது அத்தானுக்குக் கிடைக்காத சௌகரியம்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு பாலத்தின்மேல் நடந்தேன். மழை பிடித்துக்கொள்ளும்போல் இருந்தது. பாதிப் பாலத்தில், நான் எதையும் தொடாமலே, விளக்கு தானாக எரிந்தது. முன்னால் யாரோ நடந்து போகிறவருக்கு வழி காட்டுவதுபோல் வெளிச்சம் சாலையில் நீளமாக விழுந்தது. அணைந்தபோது எனக்குப் பயமில்லை. எரிந்தபோதுதான் வண்டியை விட்டுவிட்டு விலகி நிற்கலாமா என்று இருந்தது.

மறுநாள் காலையில் மெக்கானிக் வந்தார். "சூடானா சாவுது, ஆறினா எழுந்துக்குது. அப்ப எஞ்சினுக்கு மேலதான் கீது வெவகாரம்" என்று பெட்ரோல் டாங்கைக் கழற்றினார். போன தடவை அவர் அதைக் கழற்றவில்லை. விளக்கு எரிகிற வண்டியில் யாரும் டாங்கைக் கழற்றுவதில்லை.

டாங்குக்கு அடியில், விளக்குக்குப் போகும் வயரில் ஒரு முடிச்சு. அதன்மேல் அழுக்குத் துணி சுற்றி, கட்டியாக ஏதோ படிந்திருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"அட, மெழுகு! இன்னா சார், மாதாவுக்கு ஏத்துறத வயருக்கு ஏத்தி வெச்சிருக்காரு உங்க மச்சான்?" சிரித்துக்கொண்டே முடிச்சைப் பிரித்தார். உள்ளே செப்புக் கம்பிகள் சும்மா முறுக்கிவிட்டபடி இருந்தன. ஒவ்வொரு இழைக்கும் நடுவில் மெழுகு. "சூட்டுல இது உருகி உருகி கொஞ்சம் கொஞ்சமா உள்ள பூந்துக்கினு வந்திருக்கு. இப்ப சூடானா கம்பிய கம்பி தொடாது. ஆறினா சுருங்கித் தொட்டுக்கும்."

காப்பி கொண்டுவந்த அக்கா டம்ளரோடு நின்றுவிட்டாள். அவளைப் பார்த்ததும் அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"நான்தான் ஊத்தினேன்" என்றாள்.

யுத்தத்து இருட்டடிப்புக் காலத்தில், விமான அபாயச் சங்கு ஊதியவுடன் விளக்கை அணைப்பதற்காக அத்தான் முழங்காலுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சுவிட்ச் வைத்திருந்தார். கெடுபிடி நீங்கியதும் அதைப் பிடுங்கிவிட்டு, வெட்டிய வயரைத் திரும்ப முறுக்கிச் சேர்த்தார். அப்போது ரப்பர் டேப் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. வீட்டில் இருந்தது பழைய துணியும் கோவிலில் மந்திரித்துக் கொடுத்த மெழுகுத்திரியும். தண்ணீர் புகாமல் இருக்க அவர் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள, அக்கா திரியைச் சாய்த்து ஊற்றினாள்.

"அப்போ அவர் அணைக்கலையா?" என்று மெக்கானிக்கைக் கேட்டாள்.

"இல்லம்மா. இதுதாம்மா அணைச்சிது."

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும்மா."

அக்கா காப்பியைத் தரையில் வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் இருந்தது ஆறுதலா, குற்ற உணர்ச்சியா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆட்களின் முகத்தைப் பார்த்து எழுதுவதுதான் என் வேலை.

கல்லறைத் திருநாளன்று மழை விட்டிருந்தது. கல்லறைத் தோட்டம் முழுக்கத் திரிகள். அக்கா முதல்முறையாகப் பையிலிருந்து மெழுகுத்திரியை வெளியே எடுத்தாள். பற்றவைத்து, திரியை நிறுத்துவதற்காகக் கல்லின்மேல் சாய்த்து மெழுகை ஊற்றினாள். நாலு சொட்டு போதும். அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். மெழுகு கல்லில் பரவி ஓரத்தில் வழியத் தொடங்கியது.

"போதும்க்கா" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அன்னிக்கு அவரும் இதேதான் சொன்னாரு."