கை வைத்தார்

மலாயாவில், கிள்ளான் நீதிமன்றத்தில் நான் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக இருந்த காலத்தில், என் வேலையில் தலையிட வந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. வசவைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லுங்கள் என்பார்கள். சிரித்து அனுப்பிவிடுவேன். நான் கெட்டிக்காரன், அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

ஒருநாள் மாலை என் மனைவியின் அண்ணன் வந்தார். ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. அவருடைய வெள்ளைக்காரத் துரை ஒரு பால்வெட்டுத் தொழிலாளியை அறைந்து செவிப்பறையைக் கிழித்துவிட்டார். மறுநாள் வழக்கு. தோற்றால் அந்தத் தொழிலாளி குடும்பத்தோடு தோட்டத்தை விட்டுப் போகவேண்டும்.

"நான் பொய் சொல்லக் கேக்கேல்லை, மச்சான்," என்றார். "அவன் 'தொரை கை வச்சுட்டாரு' எண்டுதான் சொல்லுவான். நீர் அதைச் சொல்லுக்குச் சொல் இங்கிலீசில சொன்னால் போதும்."

எனக்குச் சுருக்கென்றது. அப்படிச் சொன்னால் துரை பிரியமாகத் தோளில் கை போட்டதுபோல் ஆகிவிடும். ஒரு சொல்லையும் மாற்றாமல் வழக்கையே மாற்றச் சொல்கிறார். இதைச் சிரித்து அனுப்ப முடியாது.

"தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வெளிக்கிடுங்கோ," என்றேன்.

மறுநாள் காதில் பஞ்சோடு கூண்டில் நின்றவன், "பால் வெட்டிக்கிட்டு இருந்தேங்க. தொரை வந்து எம்மேல கை வச்சுட்டாருங்க," என்றான்.

அடித்தார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். துரையின் வக்கீல் துள்ளி எழுந்தார். அவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. இந்த ஒரு சொல்லை மட்டும் பாடம் பண்ணி வந்திருந்தார். கை வைத்தார் என்பதே சரி, மொழிபெயர்ப்பாளர் கூட்டிச் சொல்கிறார் என்றார்.

நீதிபதி என்னை முறைத்தார். அவரும் துரையும் ஒரே கிளப்பில் சீட்டாடுபவர்கள். வேலை போனால் போகட்டும் என்று எனக்கு ஆத்திரமே வந்தது. "சொல் அதுதான், பொருள் அடித்தார் என்பது. சந்தேகமிருந்தால் தோட்டத்துச் சாட்சியாக வந்திருக்கும் கிராணியைச் சத்தியம் வாங்கிக் கேளுங்கள்," என்றேன்.

மச்சான் கூண்டேறினார். பின்வரிசையில் இருந்த தமிழர் அத்தனை பேருக்கும் அந்தச் சொல்லின் பொருள் தெரியும். துரையைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். கடைசியில் தரையைப் பார்த்தபடி, அடித்தார் என்றுதான் பொருள் என்றார்.

துரைக்கு அபராதம் விழுந்தது. தொழிலாளி தோட்டத்திலேயே இருந்தான். மச்சானுக்குத்தான் அந்த வாரமே வேலை போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். "உம்மில கை வைக்கத்தான் வந்தனான்," என்றார்.

"சொல்லுக்குச் சொல்லோ, பொருளோடயோ?"

அவர் சிரிக்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, என் தோளில் கை வைத்தார்.