வைக்க மறந்த முடிவுக்குறி

போன ஐப்பசியில், சங்கரன்கோவிலில் என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து நான் செய்த காரியம் இது. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மழைநீர் மண்ணில் எவ்வளவு ஊறும் என்று கணிக்கும் ஒரு புரோகிராமில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அது ஆமை வேகத்தில் ஓடியது. எந்தப் பகுதி நேரத்தைத் தின்கிறது என்று கண்டுபிடிப்பது என் பொறுப்பு. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் முடிவிலும் நாமே ஒரு குறி வைத்துவிட்டால், இடையில் ஆகும் நேரத்தை ஒரு கருவி அளந்து சொல்லிவிடும். அளந்தேன். கரிசல் மண்ணுக்கான பகுதிதான் முக்கால்வாசி நேரத்தை விழுங்குவதாக வந்தது.

அதை எழுதியவள் திருவேங்கடத்துப் பெண். ஒப்பந்த வேலை, அந்த மாதம் நீட்டித்தால்தான் உண்டு. வீடியோ மீட்டிங்கில் அத்தனை பேர் கேட்க, "எழுதத் தெரியாமல் எழுதினால் இப்படித்தான் ஓடும்" என்று சொல்லித் தொலைத்தேன். மேலதிகாரி ஒப்பந்த நீட்டிப்பை நிறுத்தி வைத்தார். அவள் மூன்று வாரம் அந்தப் பகுதியையே திருப்பித் திருப்பி எழுதினாள். நேரம் இம்மியும் குறையவில்லை.

ஒருநாள் காலையில் தற்செயலாகத்தான் பார்த்தேன். மழை பெய்யாத நிலமாக இருந்தால், மேற்கொண்டு கணக்குப் போடாமல் அவளுடைய பகுதி பாதியிலேயே வெளியேறிவிடும். அந்த இடத்தில் நான் முடிவுக்குறி வைக்கவே இல்லை. அதற்குப்பின் ஓடிய மற்ற பகுதிகளின் நேரமெல்லாம் அவள் தலையில் விழுந்திருக்கிறது. மானாவாரிச் சீமையில் பிறந்தவன், மழை இல்லாத நாளை மறந்திருக்கிறேன்!

குறியை வைத்து மறுபடி அளந்தேன். அவள் பகுதிக்கு ஆன நேரம் ஒன்றுமே இல்லை. மீட்டிங்கில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. போனில் அவளிடம் மட்டும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"மூணு வாரமா எனக்கு ஒண்ணுமே தெரியாதோன்னு நெனச்சிக்கிட்டு கெடந்தேன் அண்ணாச்சி" என்றாள். "இப்பம் எனக்கு மட்டும் கேக்க மாதிரி சொல்லுதீங்க. அன்னைக்கு எல்லாரும் இருக்கையிலதான சொன்னீங்க?"

குரலில் கோபம்கூட இல்லை. கூசிப்போய்விட்டேன்.

மறுநாள் எல்லார் முன்னாலும் சொன்னேன். ஒப்பந்தம் நீண்டது, அவளும் என்னிடம் முகம் சுளிக்காமல்தான் பேசுகிறாள். ஆனாலும் தன்னையே சந்தேகப்பட்டு அவள் கழித்த அந்த மூன்று வாரத்தை எந்த மன்னிப்பாலும் என்னால் திருப்பித் தர முடியாது.