முடிவு அறுந்த கசெற்

ட்ருகனினாவில் ஒரு கிடங்கில் பன்னிரண்டு வருடம் போர்க்லிஃப்ட் ஓட்டிய இரத்தினசிங்கம், முதுகு நோவால் 2011இல் வேலையை விட்டார். வெரிபீ வீட்டில் அவர் சும்மா சுற்றிவருவதை மனைவி புஸ்பராணியால் பொறுக்க முடியவில்லை. "எங்கையாவது போயிட்டு வாங்கோ" என்றாள். அவர் பழைய சாமான் கடைக்குப் போய், ஒரு பெட்டி வீடியோ கசெற்றும் அதைப் போட்டுப் பார்க்க ஒரு டெக்கும் வாங்கி வந்தார்.

பெட்டியில் பதினாறு மர்மப் படங்கள். எல்லாம் எழுபதுகளில் தொலைக்காட்சிக்கென்றே எடுத்து, ஒருமுறை காட்டி, எடுத்தவர்களே மறந்துவிட்டவை. யாரோ ஒரு வெள்ளைக்காரர் ரீவியில் போனபோது வீட்டில் பதிந்து வைத்திருந்தார். முதல் ஐந்தை ஒரே வாரத்தில் பார்த்த இரத்தினசிங்கத்துக்கு, இப்படியான பொக்கிஷத்தை உலகம் மறந்தது அநியாயமாகப் பட்டது. வெரிபீ தமிழ் மூத்தோர் சங்கத்தோடு பேசி, சனிக்கிழமைச் சீனி வருத்த (நீரிழிவு) சொற்பொழிவுக்குப் பதிலாகப் படம் போடத் தொடங்கினார். கூட்டம் இரண்டு மடங்கானது.

ஆறாவது சனிக்கிழமை போட்ட ஆறாவது படத்தை அவரும் அன்றுதான் முதன்முறை பார்த்தார். பனியில் அகப்பட்ட ஒரு ஹோட்டலில் பணக்காரக் கிழவர் ஒருவர் கழுத்து நெரிபட்டுச் செத்தார். இன்ஸ்பெக்டர், கிழவரின் பெண்சாதி, அவருடைய டொக்டர் என்று எல்லோரையும் ஒரே அறையில் கூட்டி, "கொலை செய்தது..." என்று விரலை நீட்டினார். அந்த இடத்தில் ஃபுட்டி மச் தொடங்கியது. வெள்ளைக்காரர் முடிவின் மேல் விளையாட்டைப் பதிந்துவிட்டார்.

சங்கத் தலைவர் சிறிதரன் எழுந்தார். "இதிலை யோசிக்க என்ன கிடக்கு? அந்த டொக்டர்தான்."

செயலாளர் யோகராணி விடவில்லை. "கிழவரின்ரை பெண்சாதிதான் அண்ணை. அவள் ஒருக்காலும் அழேல்லையே!"

அடுத்த சனிக்கிழமை வாக்கெடுப்பு. பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. மாதம் முடிவதற்குள் சங்கம் உடைந்தது. டொக்டர் கட்சி பழைய பெயரை வைத்துக்கொண்டது. பெண்சாதி கட்சி 'வெரிபீ தமிழ் மூத்தோர் சங்கம் (அசல்)' என்று பதிந்தது. இரண்டுக்கும் தனித்தனிச் சங்க விதிகள், தனித்தனி பொங்கல் விழா.

தன்னால் வந்த வினை என்று இரத்தினசிங்கம் நொந்துபோனார். மூன்று மாதம் இணையத்தில் துழாவி, சிட்னி ஹோம்புஷில் இதே பைத்தியம் பிடித்த இந்திரகுமார் என்பவரைக் கண்டுபிடித்தார். அவர் முழுப்படத்தையும் டிவிடியில் தபாலில் அனுப்பினார். கணவனும் மனைவியும் இருந்து பார்த்தார்கள். கொன்றவன், படம் முழுக்க வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்த வேலைக்காரன். முப்பத்தெட்டுப் பேரில் ஒருவர்கூட அவனைக் கவனித்திருக்கவில்லை.

"சொல்லாதேங்கோ" என்றாள் புஸ்பராணி. "எல்லாரும் பிழை எண்டு நிண்டு சொல்லப் போறியளே?"

"உண்மை உண்மைதானே."

இரு சங்கத்தையும் ஒரே மண்டபத்துக்கு அழைத்துக் கடைசிப் பத்து நிமிடத்தைப் போட்டார். படம் முடிந்ததும் சிறிதரன் எழுந்தார்.

"சிட்னிக்காரன் அனுப்பின சாமானை எப்பிடி நம்புறது?"

"ஓம் அண்ணை" என்றார் யோகராணி, சங்கம் உடைந்த பிறகு முதன்முறையாக. "வெட்டி ஒட்டியிருப்பாங்கள்."

அங்கேயே இரு சங்கமும் ஒன்றாயின. ஒன்றுபட்ட சங்கத்தின் முதல் தீர்மானம், சமூக ஒற்றுமையைக் குலைத்த இரத்தினசிங்கத்தை நீக்குவது. எதிர்ப்பு வாக்கே இல்லை.

இரண்டு நாள் அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் புஸ்பராணி ஏழாவது கசெற்றைத் தூசி தட்டிக்கொண்டு வந்தாள்.

"கொலைகாரன் ஆரெண்டு முன்னமே சொல்லப்படாது."

"எனக்கே தெரியாதப்பா."

"அப்ப தள்ளி இருங்கோ" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.