தலவாக்கலையில மழையாம்!

நாத்தனார் வேலம்மா பெயரைக் கேட்டாலே பரிமளத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். தலவாக்கலையில் வாழ்க்கைப்பட்டவள் அந்த ஊரோடு கிடக்க வேண்டியதுதானே? நாலு தூறல் விழுந்தால் போதும், உக்குவளையிலிருக்கும் இவளுக்குப் போன் போட்டுவிடுவாள்: "அண்ணி, இங்க சரியான மழை!"

"மழை பெய்யாம அங்க பூவா பெய்யும்?" என்று பரிமளம் பட்டென்று வைத்துவிடுவாள். பின்னே என்ன? இங்கே தோட்டத்து லயத்து வீட்டுக் குழாயில் வெறும் காற்றுதான் வருகிறது. மகாவலி ஆற்றைப் பொல்கொல்லையில் மறித்து, மலையைக் குடைந்து இந்தப் பக்கம் கொண்டுவந்து கரண்டு எடுக்கிறார்கள். எடுத்த கையோடு தண்ணீரை இந்த ஊர் ஆறான சுது கங்கையில் தள்ளிவிடுகிறார்கள். ஒரு குடம் தண்ணீருக்கு இவள் மேடு இறங்கி ஏற வேண்டும். இதில் அவளுடைய மழைப் பெருமை வேறு!

அந்த வெள்ளிக்கிழமையும் போன் வந்தது. பெயரைப் பார்த்ததுமே வெட்டிவிட்டாள். வானத்தில் பொட்டு மேகமில்லை. தன் தலைக்கு மேலே வானம் வெளுத்திருந்தால் ஆறும் சும்மா கிடக்கும் என்பது அவள் கணக்கு. சினைப்பசுவை ஆற்று நடுவிலுள்ள மணல்திட்டில் கட்டிவிட்டுத் துணி துவைக்க உட்கார்ந்தாள். அந்த லெச்சுமிதான் அவளுக்கு எல்லாம். புருஷன் அழகையாவோடு பேசுவதைவிட அதனோடு பேசுவதுதான் அதிகம்.

துவைக்கிற கல்லுக்கு மேலே தண்ணீர் வந்தது. நிமிர்ந்தாள். அட நாசமாப்போற ஆறே! மண்டையைப் பிளக்கிற வெயிலில் கலங்கல் வெள்ளம் ஏறுகிறது, பசுவுக்கு வயிறுவரை தண்ணீர்!

"ஐயோ, லெச்சுமி!"

இடுப்பளவு நீரில் தடுமாறிப் போய், புல்லறுக்கும் கத்தியால் கயிற்றை அறுத்தாள். பசு நீந்திக் கரையேறியது. எந்தக் கரை? எதிர்க்கரை! இவள் ஒரு வேரைப் பிடித்து இந்தக் கரைக்கு வந்து விழுந்தாள்.

துணிக்கூடைக்குள் மறுபடி போன் அடித்தது.

"இப்ப என்னடி?"

"அண்ணி, மாட்ட அவுத்துட்டீங்களா? இங்க பெய்யிறதெல்லாம் மகாவலியில விழுந்து உங்க ஆத்துக்குத்தானே வருது! நீங்க திட்டுல கட்டுறதா அண்ணன் சொன்ன நாள்லேருந்து எனக்கு இதே பயம்."

"அத மொதல்லயே சொல்றதுக்கு என்னடி, வாயில கொழுக்கட்டையா?"

"எங்க அண்ணி சொல்ல விட்டீங்க?"

எதிர்க்கரையில் லெச்சுமி ஈரம் சொட்ட நின்று இவளைப் பார்த்துக் கத்தியது. பரிமளம் சேலையைப் பிழிந்துகொண்டு எழுந்தாள்.

"வச்சிராதடி. பாலம் வரைக்கும் சுத்திப் போகணும். அங்க மழை விட்டிருச்சான்னு பாத்துச் சொல்லு."